கைக்குழந்தையுள்ள வீட்டில் இரவை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மூத்த மகள் பிறந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். தெலுக் இந்தானிலிருந்து வந்து மனைவிக்குப் பத்தியம் பார்க்கும் மாமியார், முப்பதாம் நாள் கழிந்ததும் ஊர் திரும்பிவிடுவார். எனக்குக் கிடைத்த 7 நாள் விடுப்பு, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததிலேயே முடிந்துபோயிற்று.

மகள் இரவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறாள். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதால் நான் விழித்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும், விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர் தூங்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி, மனைவி என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுகிறாள். காலையில் அவள் முகத்தைப் பார்த்தால் இது நெடுநாள் தாங்காது என்று தெரிகிறது. மாமியாரோ, பால் போதாமல்தான் பிள்ளை அழுகிறது, சங்கில் கொஞ்சம் வெந்நீர் புகட்டினால் தூங்கிவிடும் என்கிறார். அவர் போன பிறகு இருவரும் இரவை எப்படிச் சமாளிப்பது?

கிள்ளான் அக்கா:

தம்பி, பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் ஆகாத வேலை. ஈரத்துணி மாற்றுவது, ஏப்பம் வரச் செய்வது, மறுபடி தூங்கவைப்பது எல்லாம் அதைச் சுற்றியுள்ள வேலைகள்தாமே? எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னிரவு கணவருடையது, பின்னிரவு என்னுடையது. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். பிள்ளைக்குப் பசி வந்தால் மட்டும் அவர் தூக்கிக்கொண்டு வருவார். நான் படுத்தபடியே பால் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தோளில் சாய்த்து, முதுகைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் நீவிக்கொண்டே கூடத்தில் நடப்பார். ஏப்பம் வராமல் கிடத்தினால் சிறிது நேரத்தில் முறுக்கிக்கொண்டு அழும் என்பதை என்னைவிட அவர்தான் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். இரண்டு மணிக்குமேல் அவர் தூங்கப் போவார். வேலைக்குப் போகிறவருக்கும் அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

பால் நன்றாக ஊறி, பிள்ளையும் சரியாகச் சப்பப் பழகிய பிறகு, அதாவது ஒரு மாதத்திற்குமேல், கறந்து வைத்த பாலை ஒரு வேளை நீங்களே கொடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 4 நாள் வரை கெடாது. மனைவி 'நீங்கள் தூங்குங்கள்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

ஓய்வுபெற்ற தாதி:

சுகாதார மருந்தகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில், தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தண்ணீர் தேவையே இல்லை. அந்தச் சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் குழந்தை பால் குடிப்பது குறையும்; அதனால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. பகல் எது இரவு எது என்பது அதற்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். எனவே இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுவதை வைத்துப் பால் போதவில்லை என்று முடிவுகட்ட முடியாது. முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானது. எடை விவரம் மருந்தகத்தில் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கும். மாமியாரிடம் வாதாடுவதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது எளிது.

முன்னிரவில் கண்விழிக்கும் அப்பாமார்களுக்கு ஓர் எச்சரிக்கை: குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது மிகவும் ஆபத்து. தூக்கம் வந்தால் தலையணை, மெத்தென்ற போர்வை எதுவும் இல்லாத சமமான படுக்கையில் குழந்தையை மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். ஸ்பிரிங் தொட்டிலில் இரவு முழுவதும் விட்டுவைப்பதையும் நான் ஏற்பதில்லை. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனைவியையும் கவனியுங்கள். பிரசவமான முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்தில் அது தணிந்துவிட வேண்டும். தணியாமல், குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றாலோ, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாலோ மருந்தகத்தில் சொல்லுங்கள். அதற்கென்றே கேள்வித்தாள் வைத்து விசாரிப்பார்கள். மனநல உதவிக்கென்று சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

மனிதவளப் பிரிவு:

சட்டம் சார்ந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் விடுப்புடன், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அவர் 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் குறிப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதமாக வேலையைத் தொடங்க அனுமதி கிடைத்தாலே பின்னிரவில் ஒரு முறை நீங்கள் எழுந்துகொள்ளலாம்.

செந்தூல்வாசி:

அனைவருக்கும் நன்றி. மாமியார் இருக்கும்போதே முன்னிரவை நான் ஏற்றுக்கொள்கிறேன். எடைப் பக்கத்தையும் அவரிடம் காட்டினேன். வெந்நீர்ப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. இன்னொரு சங்கடம்: ஞாயிறுதோறும் குழந்தை பார்க்க வரும் உறவினர்கள் மாலைவரை இருந்துவிடுவதால் மனைவி பகலிலும் படுக்க முடிவதில்லை.

கிள்ளான் அக்கா:

நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள், தம்பி: பத்து மணிக்கு மேல், பன்னிரண்டுக்குள். உங்கள் சொந்தக்காரர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனைவி சொன்னால் பெயர் வேறு மாதிரி ஆகிவிடும். 'என்ன வாங்கி வரட்டும்' என்று கேட்பவர்களிடம் பிள்ளைக்குச் சட்டை வேண்டாம், பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் செய்து கொண்டுவாருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.