போபால் விபத்தில் தாய் நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: வணிகவியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். வணிக அறம் என்ற பாடத்துக்காகப் போபால் நச்சுவாயு விபத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். ஆலையை நடத்தியது தனியான இந்திய நிறுவனம்தான் என்று அமெரிக்காவின் யூனியன் கார்பைடு தொடர்ந்து வாதிட்டது. அந்த இந்திய நிறுவனத்தின் 50.9 விழுக்காடு பங்குகளோ அதன் கையில்தான் இருந்தன. இந்த வாதம் அறத்தின் முன் நிற்குமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆலைப் பாதுகாப்பு அலுவலர்

நிற்காது. அதற்கான காரணத்தை 1984 டிசம்பர் 2 இரவில் மட்டும் தேடாமல், அதற்கு முந்தைய மாதங்களிலும் தேடுங்கள். பூச்சிக்கொல்லி தயாரிக்க அங்கே பயன்பட்ட மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளைக் குளிர்நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். தண்ணீர் கலந்தால் அது கொதித்துப் பொங்கும். அந்தத் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைத் தணிக்கப் பீய்ச்சிய தண்ணீர் அது வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. அன்றிரவு தண்ணீர் புகுந்த தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் நஞ்சு, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளின் மேல் இறங்கியது.

நான் வேலை பார்த்த ஆலையிலும், விற்பனை குறைந்தவுடன் நிர்வாகம் முதலில் கைவைத்தது பராமரிப்புச் செலவில்தான் என்பதால், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. போபாலில் தாய் நிறுவனத்தின் தணிக்கைக் குழுவே 1982 மே மாதத்தில் வந்து குறைகளை எழுதிக் கொடுத்துச் சென்றது. குறையை அறிந்து, திருத்தும் அதிகாரமும் பெற்றிருந்த ஒருவர், விபத்துக்குப் பின் தம்மை வேற்று ஆள் என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

பதில்: வழக்கறிஞர்

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அரசின் பங்கையும் தங்கள் கட்டுரையில் எழுத வேண்டும். டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற அடர் கந்தக அமிலத்தின் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்விதச் சாக்கும் சொல்லாமல் முழு இழப்பீடு தர வேண்டும் என்றும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ அதற்கேற்பத் தொகையும் பெரிதாக வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. போபாலின் துயரம் ஆறாத காலத்தில் பிறந்த அந்தக் கோட்பாடு போபாலுக்கே பயன்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் அனைவரின் சார்பாகவும் வழக்காடும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் தானே எடுத்துக்கொண்டு, 330 கோடி டாலர் கேட்ட இந்திய அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு இசைந்துவிட்டது. கூடுதல் தொகை கேட்டு அது பிற்பாடு தொடுத்த சீராய்வு முயற்சி 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. குற்றவியல் வழக்கில் 2010இல் இந்திய நிறுவனத்தின் அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தாய் நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கு வராமலேயே 2014இல் இறந்தார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆலையில் எஞ்சிய நச்சுக் கழிவை அகற்றும் பொறுப்பை யார் ஏற்றார்கள்?

பதில்: வழக்கறிஞர்

அங்கே குவிந்து கிடந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே எரிக்கப்பட்டது. அந்தச் செலவை ஏற்றது யூனியன் கார்பைடும் அன்று, 2001இல் அதை வாங்கிய டவ் நிறுவனமும் அன்று, அரசுப் பணம்தான். ஆலையைச் சுற்றியுள்ள மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த நஞ்சு அந்த 337 டன்னில் சேராது.