ஸ்வெட்டரின் முதுகு மட்டும் 2 செ.மீ. நீளம், இரண்டு விலாவிலும் ஓட்டை. எங்கே தப்பு செய்தேன்?

ஊசிமுனை எழுதியது:

மகனுக்கு ஏழு வயது. அவனுக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன், கீழிருந்து மேலாக, வட்ட ஊசியில் (இரண்டு ஊசிமுனையை ஒரு கேபிள் இணைக்கும்), தையலே இல்லாமல். கருநீல டி.கே. நூல் (நடுத்தரத் தடிமன்), 4 மி.மீ. ஊசி, 60 செ.மீ. கேபிள். மாதிரித் துண்டு பின்னி அளந்ததில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் வளையம்), 30 சுற்று. மொத்தம் 154 கண்ணி. சுற்று தொடங்கும் விலாவில் சிவப்பு மார்க்கர், எதிர் விலாவில் பச்சை மார்க்கர், முன்பக்கம் 77, முதுகு 77. சிவப்பில் ஆரம்பித்து முன்பக்கம் முதலில் வரும், பச்சையைத் தாண்டினால் முதுகு, திரும்ப சிவப்பு. இதைவிட எளிமையான வேலை கிடையாது, அதனால்தான் எடுத்தேன்.

நேற்று அக்குள் வரை வந்துவிட்டதா என்று பார்க்கத் தரையில் விரித்துப் போட்டேன். முன்பக்கம் கீழே உள்ள ரிப்பை (இழுபடும் விளிம்புப் பட்டையை) விட்டுவிட்டு 24 செ.மீ., முதுகு 26! ஊசியில் இரண்டும் ஒரே மட்டத்தில்தானே இருக்கின்றன, அதனால் முதுகு கீழே பை மாதிரி தொங்குகிறது. இன்னொன்று, இரண்டு விலாவிலும் சின்ன ஓட்டைகள். சிவப்புப் பக்கம் மூன்று, பச்சைப் பக்கம் மூன்று. சிவப்புப் பக்கம் ஓட்டை இருக்கும் அதே உயரத்தில் பச்சைப் பக்கமும் இருக்கிறது, ரிப்பிலிருந்து ஏறக்குறைய 9, 15, 21 செ.மீ.யில்.

கண்ணியை மூன்று தடவை எண்ணிவிட்டேன், 154 சரியாக இருக்கிறது. வேலை எப்போது நடக்கிறது என்றால், பையன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம், குக்கர் அடங்கும் வரை ஐந்து நிமிடம், இப்படித்தான். பை ஹாலிலேயே சோபா கைப்பிடியில் தொங்கும். யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள், பிரிக்கத்தான் வேண்டும் என்றாலும் காரணம் தெரியாமல் பிரிக்க மனசு வரவில்லை.

நூல்கண்டு:

மார்க்கர் இருக்கும் இடத்தில் கண்ணி தளர்ந்து ஏணி மாதிரி ஆகியிருக்கும். மார்க்கரைத் தாண்டிய முதல் கண்ணியில் நூலை ஒரு இழு இழுத்துவிட்டுப் பின்னுங்கள், போய்விடும்.

ஊசிமுனை:

ஏணி என்றால் மேலிருந்து கீழ் வரை வரிசையாக வருமே? எனக்கு மூன்றே இடத்தில்தான். நடுவில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது.

பாதியில்நிற்பவள்:

தெரியாமல் நூலை ஊசிமேல் சுற்றிவிட்டால் ஓட்டை விழும், எனக்கு அடிக்கடி நடக்கும். கைவசம் நாலு ஸ்வெட்டர் பாதியில் நிற்கின்றன, நாலிலும் ஓட்டை உண்டு, ஆகவே ஓட்டை விஷயத்தில் என்னை நம்பலாம்.

பொறுமைசாலி:

அப்படி நூல் கூடியிருந்தால் கண்ணி எண்ணிக்கையும் கூடியிருக்க வேண்டும். ஆறு ஓட்டைக்கு 160 வந்திருக்கும். 154தான் என்கிறார், அதனால் அது இல்லை.

இது சுற்றின் நடுவில் கீழே வைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது ஊசியை மாற்றிப் பிடித்து வந்த வழியே பின்னியதால் வந்தது என்று நினைக்கிறேன். நம் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும். யாரோ கதவைத் தட்டுவார்கள், எழுந்து போவோம், வந்து எடுத்தால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று ஞாபகம் இருக்காது. நூல் வலது கை ஊசியிலிருந்து தொங்க வேண்டும், இடது ஊசியிலிருந்து தொங்கினால் திருப்பிப் பிடித்திருக்கிறோம். வலது கையில் பழகியவர்களுக்கு இந்த ஒரு விதி போதும்.

ஊசிமுனை:

விதி தெரியும். ஆனால் நான் சுற்றின் நடுவில் வைப்பதே இல்லை! அடுப்பில் பொங்கினாலும் சிவப்பு மார்க்கர் வரை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன், வீட்டில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னொன்று, திருப்பிப் பின்னினால் வெளிப்பக்கம் பர்ல் முடிச்சுகள் (வழுவழுப்பான நிட் கண்ணியின் மறுபக்கத்தில் இருக்கும் மேடுகள்) தெரியாதா? நூல் கருநீலம், ராத்திரி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் இன்று காலை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், வெளிப்பக்கம் முழுக்க வழுவழுவென்றுதான் இருக்கிறது.

கண்ணிக்கணக்கு:

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பிரிக்க வேண்டாம், முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒரே நேர்க்கோட்டில் V வடிவங்களை ரிப்பிலிருந்து ஊசி வரை எண்ணுங்கள், முதுகிலும் அதேபோல். அப்புறம் ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு கண்ணி மட்டும் இரண்டு வரிசை உயரத்துக்கு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில், முதுகில் அந்த உயரத்தில் ஓடும் வரிசைகள் மற்ற வரிசைகளைவிட இறுக்கமாக இருக்கின்றனவா? விரலால் தடவினாலே தெரியும், கண்ணை நம்ப வேண்டாம்.

ஊசிமுனை:

முன்பக்கம் 72. முதுகு 78. பெரிய தையல் ஊசி வைத்துக் குத்திக் குத்தி எண்ணினேன்.

நீண்ட கண்ணி இருக்கிறது! ஆறு ஓட்டையில் ஐந்துக்குப் பக்கத்தில். மேலே 21 செ.மீ.யில், பச்சைப் பக்கம் மட்டும் இல்லை. இறுக்கமும் நீங்கள் சொன்ன மாதிரியே, 9 செ.மீ.யிலும் 15 செ.மீ.யிலும் இரண்டிரண்டு வரிசை. ஆனால் 21 செ.மீ.யில் ஒரே ஒரு வரிசைதான் இறுக்கம், அதில் கண்ணிகள் எல்லாம் காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்த மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. இது ஏன்?

கண்ணிக்கணக்கு:

78-லிருந்து 72 போனால் 6. 30 வரிசைக்கு 10 செ.மீ. என்றால் 6 வரிசை 2 செ.மீ., கணக்கு நேராகிவிட்டது. மூன்று இடத்தில் இரண்டிரண்டு வரிசை கூடுதலாக விழுந்திருக்கிறது, முதுகில் மட்டும். யாரோ சிவப்பு மார்க்கரில் வேலையைத் திருப்பி, உள்பக்கம் பார்த்துப் பச்சை வரை பர்ல் போட்டுப் போய், அங்கே திரும்பி, நிட் போட்டுச் சிவப்புக்கே வந்திருக்கிறார்கள். உள்ளிருந்து பர்ல் போட்டால் வெளியே வழுவழுப்பாகத்தான் தெரியும். நூலும் நீங்கள் விட்ட இடத்திலேயே தொங்கும், அதனால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. திரும்பிய இடங்களில் மட்டும் ஓட்டை.

நீண்ட கண்ணிதான் அடையாளம். இரண்டு நேர் ஊசியில் பின்னிப் பழகியவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றுவார்கள், ஓரம் அழகாக வரும் என்பதற்காக; அந்தக் கண்ணிதான் இரண்டு வரிசை உயரத்துக்கு நீளும். வட்டத்தில் அந்த வேலையே கிடையாது. நீங்கள் தூக்கத்தில் பின்னியிருந்தாலும் அதைச் செய்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. பச்சை வரை பர்ல் போட்டதோடு எழுந்து போயிருக்கிறார்கள், திரும்பி வந்த வரிசை உங்களுடையது, நீங்கள் முதல் கண்ணியை மாற்றாமல் பின்னினீர்கள், அதனால் அங்கே நீண்ட கண்ணி இல்லை. ஒருநாள் நூல் பச்சை மார்க்கரில், அதுவும் இடது ஊசியில், தொங்கவில்லையா?

அது சரி, உங்கள் வீட்டில் வேறு யாருக்குப் பின்னத் தெரியும்?

ஊசிமுனை:

தொங்கியது. போன வாரம். சரிதான், தூக்கக் கலக்கத்தில் நானே ஏதோ செய்திருக்கிறேன் என்று பின்னிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவருக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே ஆள் வேண்டும். பையன் ஊசியைத் தொட்டால் அதைக் கத்தியாக்கிவிடுவான்.

பை தொங்கும் சோபாவில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது அத்தை. என் மாமியார், 72 வயது. ஒரு காலத்தில் பின்னியவர்தான், ஆனால் விரல் மூட்டு வலிக்கிறது என்று விட்டுப் பல வருடம் ஆகிறது, ஊசிகளைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் பின்னும்போது பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சொன்னது இல்லை.

பொறுமைசாலி:

அத்தையேதான்.

நூல்கண்டு:

77 கண்ணி போய் 77 கண்ணி வந்தால் 154. போன ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரு சுற்று முடித்துக் கொடுத்ததாக நினைத்திருக்கிறார் பாவம்.

ஊசிமுனை:

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "அத்தை, என் பின்னலை எடுத்தீங்களா" என்றதும், "நான் எதுக்குத் தொடப்போறேன், அது உன் சாமான்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அது இருக்கட்டும், அந்த முறுக்கிய வரிசைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கண்ணிக்கணக்கு:

பர்ல் போடும்போது நூலை ஊசியில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. நீங்கள் மேலிருந்து சுற்றி எடுப்பீர்கள். இன்னொரு பழக்கம் உண்டு, நூலைக் கீழிருந்து கொக்கி போட்டு இழுத்துவிடுவது. வேகமாக வரும், விரலுக்கும் வேலை குறைவு, பர்ல் இறுக்கமாகவும் விழும். ஆனால் அப்படிப் போட்ட கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும், கண்ணியின் இரண்டு பக்கத்தையும் கால் என்போம், வழக்கமாக ஊசிக்கு முன்னால் இருக்கும் கால் பின்னால் போய்விடும். அப்படிப் பின்னுபவர்கள் அடுத்த வரிசையில் பின் காலில் ஊசி விட்டு நிட் போடுவார்கள், கண்ணி நேராகிவிடும். அதனால்தான் முதல் இரண்டு தடவையும் முறுக்கு இல்லை, போனதும் வந்ததும் அவரே. மூன்றாவது தடவை அவருடைய பர்லின் மேல் நீங்கள் வழக்கம்போல முன் காலில் விட்டுப் பின்னினீர்கள், அவர் போட்ட பர்ல் எல்லாம் முறுக்கிக்கொண்டன. அவர் பின்னியதில் தப்பே இல்லை, இரண்டு கைப்பழக்கம் ஒரே வேலையில் மாறி மாறி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி எப்போதாவது கண்ணி அப்படி உட்கார்ந்திருந்தால் எந்தக் கால் ஊசிமுனைக்கு அருகில் இருக்கிறதோ அதில் ஊசி விடுங்கள். அது ஊசிக்குப் பின்னால் இருந்தால் பின்னால்.

பாதியில்நிற்பவள்:

இப்போது பிரிப்பதா வேண்டாமா? நான் பிரிக்காத கட்சி.

பொறுமைசாலி:

நான் பிரிக்கும் கட்சி. 9 செ.மீ. வரை இறங்க வேண்டும். இறங்கும் முன் முதல் ஓட்டைக்குக் கீழே ஒரு சுற்றில், எல்லாக் கண்ணியின் வலது காலிலும் மெல்லிய வேறு நிற நூலைத் தையல் ஊசியால் கோத்துவிடுங்கள், பிரிப்பது அங்கேயே நின்றுவிடும், 154 கண்ணியும் நூலில் காத்திருக்கும். முதுகில் தொங்கும் 2 செ.மீ. நாளைக்குக் கண்ணை உறுத்தும்.

கண்ணிக்கணக்கு:

15 செ.மீ. பிரித்தால் 45 சுற்று, 6,930 கண்ணி, கூடவே அத்தையின் ஆறு வரிசை. பத்துப் பத்து நிமிடமாகப் பின்னுகிறவருக்கு இதைச் சொல்ல எனக்கு மனசில்லை. போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழந்தைகள் குனிந்துகொண்டேதான் இருப்பார்கள், முதுகு கொஞ்சம் நீளமாக இருப்பது நல்லதுதான், வேண்டுமென்றே அப்படிப் பின்னுகிறவர்களும் உண்டு. ஓட்டையை உள்பக்கத்திலிருந்து அதே நூலால் எட்டு வடிவத்தில் ஒரு சுற்று சுற்றி இழுத்தால் மூடிக்கொள்ளும். ரொம்ப இழுத்தால் சுருங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை:

கண்ணிகளை நீளமான நூலுக்கு மாற்றிப் பையனுக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிளில் ஏறிக் குனிந்தான், முதுகு மூடியிருந்தது. பிரிக்கவில்லை. ஐந்து ஓட்டை மூடியாயிற்று, ஆறாவதைப் பையன் விரல் விட்டுப் பெரிதாக்கிவிட்டான், அதற்கு மட்டும் இரண்டு சுற்று.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச நூலில் ஒரு சின்ன உருண்டையும் 4 மி.மீ. நேர் ஊசி இரண்டும் சோபாவின் அவர் பக்கக் கைப்பிடியில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு, ஓரம் கோடு போட்ட மாதிரி. நான் அதைக் கையில் எடுத்ததும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "உன்னுது சுத்திச் சுத்திப் போகுது, எங்க முடியுதுன்னே தெரியல. நானா ஒரு இடத்துல திரும்பிட்டேன்."

பாதியில்நிற்பவள்:

ஐயோ.

ஊசிமுனை:

ஸ்வெட்டரின் கைகள் இரண்டும் அவருக்கே என்று பேசி முடித்தாயிற்று, நேர் ஊசியில், கடைசியில் தைத்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல். அவர் துண்டை அளந்தேன், 10 செ.மீ.க்கு 24 கண்ணி, 32 வரிசை. என்னுடையது 22, 30. எப்படிச் சேரும்?

பொறுமைசாலி:

ஊசியை 4.5 ஆக்கிக் கொடுங்கள், 22 வந்துவிடும். ஆனால் இரண்டு கையும் ஒருவரே பின்னட்டும், ஒன்று நீங்கள் ஒன்று அவர் என்று போகவே கூடாது.

ஊசிமுனை:

4.5 கொடுத்தேன். இரண்டு வரிசை போட்டுப் பார்த்துவிட்டு "லொடலொடன்னு இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

கண்ணிக்கணக்கு:

அவரை விட்டுவிடுங்கள், கணக்கை மாற்றுவோம். மணிக்கட்டுச் சுற்றளவு 18 செ.மீ. என்றால் அவர் அளவில் 43, தையலுக்கு 2, ஆக 45 கண்ணி. மேல்கை 28 செ.மீ.க்கு 67, அதோடு 2, 69. நடுவில் 24 கூட வேண்டும், ஓரத்துக்கு ஒன்றாக 12 தடவை. ரிப்புக்கு மேல் 27 செ.மீ. என்றால் 86 வரிசை வரும், 6 வரிசைக்கு ஒருமுறை கூட்டினால் 72-ல் முடிந்து மிச்சம் 14 சும்மா போகும். இதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பையில் போட்டுவிடுங்கள்.

ஊசிமுனை:

எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு 6 வரிசையை அடித்து 7 என்று எழுதியிருக்கிறார், 84-ல் முடிந்தால் போதுமாம், 14 வரிசை சும்மா விட்டால் மேலே பொத்திக்கொண்டு நிற்குமாம். சரியா இது?

கண்ணிக்கணக்கு:

சரிதான். 7 என்றால் ஒருமுறை நிட் வரிசையிலும் ஒருமுறை பர்ல் வரிசையிலுமாகக் கூட்ட வேண்டிவரும், நான் அதைத் தவிர்க்கப் பார்த்தேன். அவருக்கு அது கஷ்டமில்லை போலிருக்கிறது.