‘போட்டோஃபங்ஷனலைசேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா.

பல் இம்ப்ளான்ட்டை (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகை) தாடையில் பொருத்துமுன் அதன் டைட்டானியப் பரப்பில் புறஊதா ஒளி பாய்ச்சுவதை ஆங்கிலத்தில் ‘போட்டோஃபங்ஷனலைசேஷன்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதை ‘ஒளிச்செயல்பாட்டாக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். இதை என் சேலம் கிளினிக்கில் சொன்னால், “அதுக்குத் தனி பில்லா டாக்டர்?” என்றுதான் கேட்பார்கள்.

நடப்பது இதுதான். டைட்டானியம் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு தோல் கட்டிக்கொள்கிறது. எலும்பு பிடிப்பது அந்தத் தோலில். செய்து சில வாரம் போனால் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன் என்ற கரிம மாசு அதில் படிந்துவிடும். தண்ணீர் விட்டால் பரவாமல் குமிழாக நிற்கும். புறஊதா பட்டதும் அந்தப் படிவு சிதைகிறது, மின்னேற்றம் மாறுகிறது, தண்ணீர் சட்டென்று பரவுகிறது. கலிபோர்னியாவில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் தகாஹிரோ ஒகாவா குழு 2009-இல் வெளியிட்ட எலிச் சோதனையில், எலும்பு ஒட்டிய பரப்பு ஏறத்தாழ 55 விழுக்காட்டிலிருந்து 98-க்குப் போனது.

ஆக, இழந்த குணத்தை மீட்கிறோம். புதுச் செயல் எதையும் ஊட்டவில்லை. முதலில் எனக்கு ‘ஒளிப்புடம்’ தோன்றியது. கேட்க அழகுதான். ஆனால் புடம் என்றால் நெருப்பு. சித்த மருத்துவத்தில் புடம் போட்டால் பொருளே பற்பமாகிவிடும்; இம்ப்ளான்ட் திருகு நீறானால் என் கதி?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துலக்கி எடுப்பார்கள். பல்லையும் துலக்கத்தானே செய்கிறோம்? ‘ஒளித்துலக்கல்’ சரிவருமா?

—

டாக்டருக்கு ஏற்காட்டிலிருந்து வணக்கம்.

‘துலக்கல்’ பிடித்திருக்கிறது, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டு இடறல். பாடநூலில் ‘தூண்டல்–துலங்கல்’ (ஸ்டிமுலஸ்–ரெஸ்பான்ஸ்) ஏற்கெனவே இருக்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைக்கூடச் சமாளிக்கலாம். மற்றது பெரிது: ‘ஒளித்துலக்கல்’ என்று எழுதிக் காட்டினேன், வீட்டம்மா “எதை ஒளித்து?” என்றார். புணர்ச்சி சரி, கண்ணில் படுவதென்னவோ ‘ஒளித்து’தான்.

‘புறஊதாத் துலக்கல்’ என்போமா? எந்த ஒளி என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. சாதாரண விளக்கொளியில் இது நடக்காதே. மின்னேற்ற மாற்றம் சொல்லில் வரவில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

—

ஐயா, ‘ஒளித்து’ என் கண்ணில் படவே இல்லை! ‘புறஊதாத் துலக்கல்’ என்றே பட்டியலில் ஏற்றுகிறேன். மின்னேற்றத்தை விளக்கக் குறிப்பில் எழுதிவிடலாம். டைட்டானியம் நாள்பட இப்படிக் குணம் இழக்கும் ‘ஏஜிங்’குக்கு ‘மூப்பு’ போதுமா, ‘மங்கல்’ வேண்டுமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.