1986 சாகா: லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஸ்டார்ட்டரும் சோம்பல். எங்கே தேடுவது?

ஜிங்க் கொட்டகை (சுங்கை சிப்புட்)

வணக்கம். எல்லாரும் பசியாறியாச்சா? எனக்கு இன்னும் இல்லை. விடிந்ததிலிருந்து கார் அடியில்தான் கிடக்கிறேன்.

கார் அப்பாவுடையது. 1986 புரோட்டோன் சாகா, 1.3, 8 வால்வு. 12 வால்வு மெக்மா வருவதற்கு முந்தியது. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய காலத்தில் இரண்டாம் கையாக வாங்கினார். கடைசி ஆறு வருடம் வீட்டுப் பக்கத்து ஜிங்க் கொட்டகையில் கோழிகள்தான் அதில் குடியிருந்தன. போன தீபாவளி முடிந்து கோழிகளைக் கிளப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

செய்தது என்னவென்றால்: பிளாக்கை ஈப்போவில் கொடுத்து 0.50 ஓவர்சைஸ் ரீபோர் (சிலிண்டரை அரை எம்எம் பெரிதாகக் கடைவது). 71 எம்எம் இப்போது 71.5, அதாவது 1298 சிசி 1317 ஆகியிருக்கிறது. பெரிய எஞ்சின் மாற்றலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிலையம்) என்று அலைய விருப்பமில்லை. கிரானில் (கார் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் எஞ்சின் நம்பர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (82 டிகிரி) எல்லாம் புதுசு. ரேடியேட்டருக்குப் புது கோர். தரையில் துருப்பிடித்த இடங்களை வெட்டி வெல்டிங் வைத்து, முழு பாடியையும் சுரண்டி 2கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்தேன். சாகாக் கொட்டை மாதிரி சிவப்பு. ஊரில் ஆனைக்குன்றிமணி என்பார்களே, அது. பொனட்டுக்குள்ளும் அதே சிவப்புதான். எஞ்சின் பிராக்கெட்டுகளுக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங்.

பொனட்டைத் திறந்தால் எஞ்சின் மட்டும் தெரிய வேண்டும் என்று பேட்டரியைப் பின்னால் பூட்டுக்கு (டிக்கிக்கு) மாற்றினேன். பாசிட்டிவ் 25 சதுர எம்எம் கேபிள், உள்பக்கமாக முன்னால் வருகிறது. நெகட்டிவை பூட் தரையில் போல்ட் போட்டுவிட்டேன்.

இப்போது சிக்கல். பகலில் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ராத்திரி லைட் போட்டதும் முக்கால் வரை போகிறது. மழையில் வைப்பரும் சேர்ந்தால் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. நிறுத்திப் பார்த்தால் தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவும் இல்லை.

இரண்டாவது, ஸ்டார்ட்டர். காலையில் ஏதோ சுற்றுகிறது. சூடான பிறகு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி எடுத்தால் "உர்ர்... உர்ர்..." என்று அழுகிறது. ஸ்டார்ட்டரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். என்எஸ்40 பேட்டரியை எடுத்துவிட்டு இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து அதைவிடப் பெரிய என்எஸ்60 வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தமில்லாதது. கிளட்ச் கேபிள் இரண்டு மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது. உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகி இறுகிவிடுகிறது. தரமான கேபிள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பார் டர்போ

அண்ணே, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) தான். ரீபோர் செய்த எஞ்சினில் ஹெட்டை ஸ்கிம் பண்ணினீர்களா, அதாவது அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவினீர்களா? பண்ணாமல் போட்டிருந்தால் அங்கேதான் கசியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் போட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள்.

ஜிங்க் கொட்டகை

ஸ்கிம் பண்ணியாச்சு தம்பி. குமிழி இல்லை. ஆயில் சுத்தமாக இருக்கிறது. சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்து தெர்மோஸ்டாட் மூடியைப் பார்த்தேன், முள் சிவப்பில் நிற்கும்போது 74 டிகிரி காட்டியது.

ஒயரிங் அக்கா (தைப்பிங்)

74-ஐ நம்ப வேண்டாம். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தத் துப்பாக்கி குறைத்துத்தான் காட்டும். கறுப்பு ஒயர் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு கேள்வி. லைட் போடும்போது பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா, டெம்பரேச்சர் முள் மட்டுமா? லைட்டை அணைத்தால் முள் மெதுவாக இறங்குகிறதா, உடனே இறங்குகிறதா?

ஜிங்க் கொட்டகை

டேப் ஒட்டிப் பார்த்தேன். 88 காட்டுகிறது. லைட் போட்டாலும் 88, அணைத்தாலும் 88.

பெட்ரோல் முள் அசையவே இல்லை. டெம்பரேச்சர் முள் லைட்டை அணைத்தால் அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஒயரிங் அக்கா

அரை நிமிடத்தில் ரேடியேட்டர் தண்ணீர் ஆறாது. எஞ்சின் சூடாகவில்லை, மீட்டருக்குத்தான் தவறான சேதி போகிறது. மீட்டர் போர்டின் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) கெட்டிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடும். பெட்ரோல் டாங்கி சென்சார் பாடியில் எர்த் ஆகிறது, டெம்பரேச்சர் சென்சார் எஞ்சினில். ஒன்று ஆடி மற்றது ஆடவில்லை என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது.

பழைய ஃபிட்டர் (ஜாலோங் பக்கம்)

தம்பி, கிளட்ச் கேபிள் சம்பந்தமில்லாதது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் சம்பந்தமாகப் படுகிறது.

நான் முப்பது வருடம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். ஒரு தடவை ஒரு டிராக்டர் வந்தது. ராத்திரி ஸ்டார்ட் போட்டால் நிறுத்தும் கேபிள் சிவப்பாகத் தணல் மாதிரி எரிகிறது, பேய் புகுந்துவிட்டது என்று டிரைவர் கிட்டே போக மறுத்துவிட்டான். கடைசியில் பார்த்தால் எஞ்சின் எர்த் பட்டை அறுந்து கிடக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிய இரும்புக் கம்பி வழியாகப் போயிருக்கிறது.

உன் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. முன்பு பேட்டரி நெகட்டிவ் எங்கே போனது? கியர்பாக்ஸுக்குத்தானே? பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனபோது அந்தத் தடித்த கேபிளை என்ன செய்தாய்?

ஜிங்க் கொட்டகை

ஐயா, அதைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடு) ஒரு பின்னல் பட்டை இருந்தது, அதைத் திருப்பிப் போட்டேன். ஆனால்... அது 2கே பெயின்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மறுமுனை பவுடர் கோட்டிங் பிராக்கெட்டில். இரண்டிலும் கரண்ட் போகாதே.

இதை எழுதும்போதே வயிறு கலங்குகிறது.

ஒயரிங் அக்கா

கலங்க வேண்டாம், அளந்து பாருங்கள். காயில் கனெக்டரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது, சுற்ற மட்டும் செய்யும். மல்டிமீட்டரை 20 டிசியில் வையுங்கள். பூட்டிலிருந்து எஞ்சின் வரை மீட்டர் ஒயர் எட்டாது, ஒரு நீள ஒயரை ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, சுற்றும்போதே நான்கு இடத்தில் பாருங்கள்:

பேட்டரி பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு. பேட்டரி மைனஸிலிருந்து பூட் தரையின் வெறும் இரும்புக்கு. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு. கடைசி மூன்றும் அரை வோல்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஓம் மீட்டர் வைத்துப் பார்த்து "ஜீரோ காட்டுகிறதே, எர்த் நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறாதீர்கள். கேபிளில் ஒரே ஒரு கம்பி இழை ஒட்டியிருந்தாலும் ஜீரோதான் காட்டும். நூறு ஆம்பியர் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பழைய ஃபிட்டர்

மீட்டரெல்லாம் அக்கா சொன்னபடி பார். அதற்கு முன்னால் ஜம்பர் கேபிள் இருக்கிறதல்லவா? ஒரு கவ்வியை எஞ்சினைத் தூக்கும் கொக்கியில் போடு, மறு கவ்வியை பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் போடு. சாவியைத் திருப்பு. பதில் இரண்டு விநாடியில் வந்துவிடும்.

ஜிங்க் கொட்டகை

இப்போதுதான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். தம்பி சாவியைத் திருப்பினான்.

பேட்டரி முனைகளில், சுற்றும்போது: 11.3
பிளஸ்ஸிலிருந்து ஸ்டார்ட்டருக்கு: 0.4
மைனஸிலிருந்து பூட் தரைக்கு: 0.1
மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு: 3.6

மூன்றாவது முறை சுற்றும்போது கிளட்ச் கேபிளைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. ரப்பர் உறையிலிருந்து லேசாகப் புகை.

ஜம்பர் கேபிளைக் கவ்வியதும் ஸ்டார்ட்டர் சுற்றிய வேகத்தைப் பார்த்து தம்பி பயந்து சாவியை விட்டுவிட்டான். இந்தக் காரில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கம்பார் டர்போ

அண்ணே, 11.3 என்றால் நல்ல வோல்ட்தானே? பேட்டரி இறங்கவே இல்லையே. எனக்குப் புரியவில்லை. அப்புறம், லைட் போட்டால் ஏன் முள் ஏற வேண்டும்?

ஒயரிங் அக்கா

தம்பி, பேட்டரி இறங்காததுதான் துப்பு. ஸ்டார்ட்டர் நிறைய கரண்ட் இழுத்தால் பேட்டரி 10 பக்கம் இறங்கும். இங்கே ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, பேட்டரியோ 11.3-இல் சொகுசாக இருக்கிறது. அப்படியென்றால் கரண்ட் போகவில்லை, வழியில் யாரோ மறிக்கிறார்கள். மறிப்பவர் அந்த 3.6. சூட்டில் கூடுதல் மோசம் ஏனென்றால், புது ரிங் போட்ட எஞ்சின் சூடானால் இன்னும் இறுக்கம், ஸ்டார்ட்டருக்கு இன்னும் அதிக கரண்ட் வேண்டும்.

முள் விஷயம்: எஞ்சின் ஓடும்போது லைட்டுக்கான கரண்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்புகிறது. லைட்டில் எரிந்துவிட்டு பாடி வழியாக ஆல்டர்னேட்டருக்கே திரும்ப வேண்டும். ஆல்டர்னேட்டர் எஞ்சினில் இருக்கிறது. திரும்பும் பாதை குறுகலாக இருப்பதால் பாடி, எஞ்சினைவிட ஒரு வோல்ட் மேலே தூக்கி நிற்கிறது. மீட்டருக்கு வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் பாடியை எர்த் என்று நம்புகிறது, டெம்பரேச்சர் சென்சார் எஞ்சினை நம்புகிறது. அந்த ஒரு வோல்ட் வித்தியாசம் மீட்டரில் கூடுதல் கரண்டாக ஓடி முள்ளைத் தூக்குகிறது. வைப்பர், புளோவர் போடப் போட இன்னும் ஏறும்.

ஜிங்க் கொட்டகை, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பூட்டிலிருந்து வரும் பாசிட்டிவ் கேபிளுக்கு ஃபியூஸ் போட்டிருக்கிறீர்களா?

ஜிங்க் கொட்டகை

இல்லை.

ஒயரிங் அக்கா

அப்படியானால் ஃபியூஸ் வைக்கும்வரை காரை ரோட்டில் இறக்காதீர்கள். முன்னால் பேட்டரி இருந்தபோது கேபிள் ஒரு முழம். இப்போது காரின் நீளத்துக்கு ஓடுகிறது, எங்கே இரும்பு விளிம்பில் தேய்ந்தாலும் வெல்டிங் பொறிதான், பெட்ரோல் டாங்கியும் அந்தப் பக்கம். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். இரும்பில் ஓட்டை போட்டு நுழைத்த இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம். பேட்டரிக்கு மூடி போட்ட பெட்டி, அதிலிருந்து வாயு வெளியேற ஒரு குழாய் காருக்கு வெளியே.

பழைய ஃபிட்டர்

எர்த் எப்படிப் போடுவதென்று நான் சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கேபிள் 35 சதுர எம்எம் அரை மீட்டர் வாங்கு. முனைக்குச் செம்பு லக், நசுக்கிப் பொருத்தியது. கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து நேரே சேஸிஸ் கட்டைக்கு. இரண்டு முனையிலும் லக் உட்காரும் வட்டத்துக்கு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டு, இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கு. இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசு, நம் ஊர் மழைக்குத் துரு ஏறாது. பழைய பின்னல் பட்டையையும் அதே மாதிரி சுரண்டிப் போடு, இரண்டு வழி இருந்தால் நல்லதுதான். வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டப்பெட் (வால்வு இடைவெளி) ஒரு தடவை பார்த்துவிடு. சூட்டில் இன்டேக் 0.15 எம்எம், எக்ஸாஸ்ட் 0.25. ரீபோர் சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது இது.

கம்பார் டர்போ

அண்ணே, கார் முதலில் என்ன நிறம்? சிவப்பு இல்லையென்றால் நிறத்தையும் ஜேபிஜேவில் சொல்லி கிரானில் மாற்றணும். என் மினிக்கு ரோட் பிளாக்கில் மாட்டிக்கொண்டேன்.

ஜிங்க் கொட்டகை

வெள்ளையாக இருந்தது தம்பி. சரி, அதையும் பார்க்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். மூன்று வாரம் உப்புத்தாள் தேய்த்து அடித்த சிவப்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டும்போது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதானே பூசினே?" என்றார். என்ன பதில் சொல்ல.

ஐயா சொன்னபடி 35 கேபிள், பல் வாஷர், வாசலின். அக்கா சொன்னபடி 150 ஆம்பியர் ஃபியூஸ், ரப்பர் வளையம் நான்கு. பேட்டரிக்கு மூடி போட்ட பெட்டியும் வாயுக் குழாயும் வைத்து, பட்டை போட்டு இறுக்கினேன். திரும்ப அளந்தேன். சுற்றும்போது மைனஸிலிருந்து பிளாக்குக்கு இப்போது 0.3. பேட்டரி முனைகளில் 10.2. அக்கா சொன்ன கணக்கு சரியாக வருகிறது.

ராத்திரி கோலக்கங்சார் போய் வந்தேன். லைட், வைப்பர், புளோவர் எல்லாம் போட்டேன். முள் பாதிக்குக் கீழே ஆணி அடித்த மாதிரி நின்றது. அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து சூட்டோடு சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் பிடித்தது. மூன்றாவது கிளட்ச் கேபிள் போட்டிருக்கிறேன், தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. மின்னல் எஃப்எம் வைத்தால் பாட்டுக்குப் பின்னால் "ங்ஙீ" என்று ஒரு ஊதல் வரும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். ரேடியோ கிழடாகிவிட்டது என்று நினைத்து இங்கே எழுதவே இல்லை. செம்மோரில் ஒரு கடையில் புதுசுக்கு விலையும் கேட்டுவிட்டேன். நேற்று திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், அந்த ஊதலைக் காணோம்.