மறு: டீரேடிகலைசேஷன் (ஒருவரைத் தீவிரவாதக் கொள்கையிலிருந்து மீட்பது) - தமிழில் என்ன சொல்லலாம்?

> தீவிரநீக்கம் என்று வைத்துவிடலாமே. கறைநீக்கம் போலச் சுருக்கமாக இருக்கும்.

அந்தக் கறைநீக்கம்தான் ஐயா எனக்கு உறுத்துகிறது. ஒருவர் மனசில் இருக்கிற எண்ணம் துணியில் பட்ட கறையா, வெளுத்து எடுக்க? 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. எண்ணம் அவருடையது, அவர் கை வன்முறைப் பக்கம் போனால்தான் அரசுக்கு வேலை.

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தைப் பாருங்கள். 2013இல் அங்கிருந்து சுமார் 30 பேர் சிரியாவில் நடந்த போருக்குப் போனார்கள், பலரும் கிரிம்ஹொய் மசூதிக்குப் போய்வந்தவர்கள். அதை மூடச் சொல்லி அரசியல்வாதிகள் சத்தம்போட்டபோதும் போலீஸ் அங்கே போய்ப் பேசிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தவர் மீது ஆதாரம் இருந்தால் வழக்கு, இல்லையென்றால் கூடவே ஒரு வழிகாட்டி, படிப்பு, வீடு, வேலை. மதத்தை விடு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு போனவர் ஒரே ஒருவர் (இந்தத் திட்டம் மட்டுமே காரணமா என்பது வேறு பேச்சு).

எண்ணம் எதுவானாலும் வன்முறையை மட்டும் விட்டு விலகுகிற இதை, இந்தத் துறையில் இருப்பவர்கள் டிஸ்என்கேஜ்மென்ட் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். நான் சொல்வது: வன்முறை விலகல். விலக்கல் இல்லை, கவனியுங்கள்! நடுவில் ஒரு க்தான், ஆனால் விலகுவது தன்வினை, விலக்குவது பிறவினை. நீக்கமும் பிறவினைதான், யாரோ ஒருவர் செய்கிறார், இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

> அப்போ புனர்வாழ்வு?

அந்தச் சொல் இலங்கையில் கெட்டுப்போய்விட்டது. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளை அடைத்துவைத்த முகாம்களுக்கு அதுதான் பெயர். 2021 மார்ச்சில் வந்த வர்த்தமானியும் (அரசிதழ் அறிவிப்பு) வழக்கே நடத்தாமல் ஓராண்டு வரை, நீட்டித்தால் இரண்டாண்டு வரை ஒருவரைப் 'புனர்வாழ்வு' மையத்தில் வைக்கலாம் என்றது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு அம்மாவிடம் போய் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

> வன்முறை விலகல் என்றால் வன்முறையே விலகிப் போவதுபோல இருக்கிறதே?

பதவி விலகல் என்கிறோம், பதவியா எழுந்து போகிறது? சரி, ஆளைக் குறிக்க 'வன்முறை விலகியவர்' என்று போடலாம். 'முன்னாள் தீவிரவாதி' வேண்டாம், அதில் முன்னாள் யார் காதிலும் விழுவதில்லை.