இன்வெர்ட்டர் 50 நிமிடத்தில் நின்ற இரவு

புயல் வரப்போகிறது என்று இரண்டு நாள் முன்பே தெரியும். மெழுகுவர்த்தி, டார்ச், பிஸ்கட் எல்லாம் வாங்கி வைத்தேன். மோட்டார் ஓடாது என்று மாடித் தொட்டியை நிரப்பினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் மூன்று நாளுக்குக் குடிநீரும் எடுத்து வைத்தேன். இன்வெர்ட்டர் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. பழைய மின்வெட்டுகளில் ராத்திரி முழுக்க ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் ஓட்டிய இன்வெர்ட்டர்தானே என்ற தைரியம்.

இந்தத் தடவை வீட்டில் ஒரு மாற்றம் இருந்தது. அம்மாவுக்கு நுரையீரல் நோய் முற்றி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், வந்திருந்தது. நிமிடத்துக்கு 2 லிட்டர், ராத்திரி முழுக்க.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. நான் படுத்துவிட்டேன். 12:20-க்கு பீப் சத்தம் கேட்டு எழுந்தேன். அடுத்த நிமிடமே எல்லாம் நின்றுவிட்டது. அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பது ஞாபகம் வந்தது. அந்தக் காற்றில் என் தம்பி போய்த் தூக்கி வந்தான். வழியில் மரம் விழுந்து கிடந்ததாம், கம்பி அறுந்து தொங்கியதாம். அவன் திரும்பி வந்து சேரும்வரை நான் பட்டபாட்டை எழுதத் தெரியவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபேன் 75 வாட், விளக்கு இரண்டும் சேர்த்து 18 வாட். மெஷின் 350 வாட். ஆக மொத்தம் 443 வாட், பழைய சுமையைப்போல ஐந்து மடங்குக்குக் கிட்டே. பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர். அந்த 150 என்பது 20 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கிடைக்கும் அளவு. ஒரேயடியாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. போதாததற்கு அது நான்கு வருடப் பழசு. வீட்டில் எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் அதன் பின்பக்கத்தில் எத்தனை வாட் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

* * *

சகோதரி, படித்துவிட்டு மனசு பதறியது. அம்மா இப்போது நலமா? ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுவர்த்தி வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் எந்தத் தீயும் கூடாது. துணியிலும் தலையணையிலும் ஆக்சிஜன் தங்கும், சின்னப் பொறி பட்டாலும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நான் செவிலியர், அப்படி முகம் வெந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். டார்ச்சை மேலே பார்த்து நிறுத்தி, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய வெள்ளை பாட்டிலை வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும். அதுவே போதும்.

உங்கள் ஊர் மின் அலுவலகத்திலும் விசாரியுங்கள். வீட்டில் மருத்துவக் கருவி இருப்பவர்களைச் சில இடங்களில் தனியாகப் பதிந்து வைக்கிறார்கள்.

* * *

எங்கள் வீட்டில் நடந்தது ஜெனரேட்டரால். மழையில் நனையக்கூடாது என்று சமையலறைக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டினோம். ஜன்னல் ஒருசாண் திறந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் மனைவிக்குத் தலைவலி, சின்னவன் வாந்தி எடுத்தான். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். பெரியவளும் தலை சுற்றுகிறது என்ற பிறகுதான் உறைத்தது. மூவரையும் மழையில் வெளியே இழுத்து வந்தேன்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜெனரேட்டர் கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் இருக்கவேண்டும். புகை வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது. அறைக்குள் கரி அடுப்பு மூட்டினாலும் இதே ஆபத்துதான். ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கை எடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய்க் கம்பத்தில் வேலை செய்பவரைக் கொன்றுவிடும். வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் முறையான சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு லைனில் இணைக்கவே கூடாது.

* * *

புயல் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி. எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக வெட்டு வந்தபோது நாங்கள் பட்டது வேறு. நாளுக்கு நான்கைந்து மணி நேரம்தான் கரண்ட். காலியான பேட்டரி முழுசாக ஏறப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். பாதி ஏறும், மறுபடி வற்றும். இப்படியே ஓட்டியதில் நல்ல பேட்டரி சில மாதங்களில் வீணாகிவிட்டது. கடைசியில் சுமையைக் குறைத்ததுதான் கைகொடுத்தது. 75 வாட் ஃபேனை மாற்றி குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டோம்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வையுங்கள். வெளியூர் போய்த் திரும்பும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இறைச்சியை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

* * *

மாடியில் சோலார் இருப்பவர்கள் கவனிக்க. நல்ல வெயில் காயும்போதும் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை! மின் லைனோடு மட்டும் இணைந்த சோலார், லைன் செத்தவுடன் தானும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் வெட்டு நேரத்தில் உதவும். வாங்கும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

* * *

அம்மா நலமாக இருக்கிறார், விசாரித்த அனைவருக்கும் நன்றி. செவிலியர் அக்கா, மெழுகுவர்த்திகளை எடுத்து எறிந்துவிட்டேன்.

இப்போது சிலிண்டர் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. 1,500 லிட்டர் கொண்டது, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். பேட்டரியும் புதிது. சனிக்கிழமை மாலை இருட்டியதும், சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயின் ஸ்விட்சை நாங்களே அணைத்துப் பார்த்தோம். ஃபேன் இல்லாமல் மெஷின் மட்டும் 2 மணி 45 நிமிடம் ஓடியது. பீப் சத்தம் வந்ததும் தம்பி சிலிண்டரைத் திறக்கப் போனான். திறக்கும் சாவி இல்லை. டார்ச்சோடு மூன்று பேர் தேடி, பத்து நிமிடம் கழித்து மருந்துப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தோம். அதற்குள் மெயினைப் போட்டுவிட்டதால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை.

சாவியை இப்போது சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி அணைத்துப் பார்க்கப்போகிறோம்.