தக்காளிக் கொழுந்து மஞ்சள்: இரும்புச்சத்துக் குறைவா, வேரழுகலா?

கொடித்தண்டு:
வாளி முறை ஹைட்ரோபோனிக்ஸில் (மண்ணில்லாமல் உரக் கரைசலில் வளர்ப்பது) ஒரு தக்காளி, நாற்று வைத்து 45 நாள். 20 லிட்டர் மூடி வாளி, உள்ளே 18 லிட்டர் கரைசல், காற்றுக் குமிழி விட ஒரு ஏர் ஸ்டோன். குழாய்த் தண்ணீர்தான், ஆர்ஓ இல்லை. நாலு நாள் முன்பு கரைசல் மாற்றியபோது ஈசி (கரைந்த உப்பின் அளவு) 2.4, பிஎச் (அமில-கார அளவு) 5.9. இன்று ஈசி 2.9, பிஎச் 7.1. தண்ணீர் 3 லிட்டர் இறங்கியிருக்கிறது. மதியம் கரைசலின் வெப்பம் 29 டிகிரி. கொழுந்து இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கீழ் இலைகளில் குறையில்லை. மதியம் துவண்டு ராத்திரி நிமிர்கிறது. வேர் வெளிர் பழுப்பு. மீட்டர் இரண்டும் போன வாரம் கேலிபரேட் செய்தவை. முதலில் எதைச் சரிசெய்வது?

உப்புக்கணக்கு:
இது தெளிவான இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு செடிக்குள் இடம் மாறாத சத்து. பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால்தான் குறை கொழுந்தில் தெரிகிறது. மெக்னீசியக் குறையாக இருந்தால் கீழ் இலையில் தொடங்கியிருக்கும். காரணமும் உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. பெரும்பாலான உரக் கலவைகளில் இருப்பது இடிடிஏ இரும்பு, அதாவது படியாமல் இருக்க இடிடிஏ என்ற சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அந்தப் பிடி தளர்ந்து இரும்பு படிந்துவிடும். 7.1-இல் செடிக்கு எட்டும் இரும்பு சொற்பம். பிஎச்சை 5.8-க்கு இறக்குங்கள். பிஎச் ஏறினாலும் பிடி தளராத இடிடிஎச்ஏ இரும்பு வாங்கி லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும்படி கலக்குங்கள். பொட்டலத்தில் இரும்பு 6 சதவீதம் என்று இருந்தால் 18 லிட்டருக்கு 0.6 கிராம். ஒரு வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வரும்.

வேர்பார்:
கொஞ்சம் பொறுங்க. இலையில இரும்பு இல்லைங்கறது சரி. வாளியில இல்லைன்னு அதை வச்சு எப்படிச் சொல்றீங்க? வேர் செத்துட்டு இருந்தா, தொட்டி நிறைய இரும்பு இருந்தாலும் கொழுந்து மஞ்சளாத்தான் வரும்.

அவர் கொடுத்த எண்ணையே கணக்குப் போட்டுப் பாருங்க. 18 லிட்டர், ஈசி 2.4. செடி உப்பைத் தொடாம வெறும் தண்ணிய மட்டும் குடிச்சு 15 லிட்டரா ஆனா ஈசி எவ்வளவு வரும்? 2.4-ஐ 18-ஆல பெருக்கி 15-ஆல வகுத்தா 2.88. மீட்டர் காட்டுறது 2.9. அதாவது நாலு நாளா இந்தச் செடி ஏறக்குறைய ஒண்ணுமே சாப்பிடலை. 45 நாள் தக்காளி சாப்பிடாம இருந்தா வேர்லதான் சந்தேகம். அதுக்கு மேல 29 டிகிரி தண்ணி, மதியத் துவளல். பித்தியம்ங்கற பூஞ்சை மாதிரிக் கிருமியால வர்ற வேரழுகலுக்கு இதைவிட வாகான இடம் கிடையாது.

மிதநீர்:
கணக்கு சரி, முடிவில் அவசரம் தெரிகிறது. வெயில் காலத்தில் செடி நீரை நிறையக் குடிக்கும், உப்பைக் குறைவாக எடுக்கும். அப்போது 2.4 என்பதே அதிகம். ஈசி ஏறினால் கரைசல் கனம், இறங்கினால் போதவில்லை என்பது பழைய விதி. கரைசல் கனமாக இருந்தாலும் வேரால் நீரை இழுக்க முடியாமல் மதியம் துவளும். ஈசியை 1.6-க்கு இறக்கிப் பார்த்துவிட்டு வேரழுகலைப் பற்றிப் பேசலாம். தக்காளி 2.4-ஐத் தாங்கும் பயிர்தான், ஆனால் 29 டிகிரியில் தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வேர்பார்:
குறைவா எடுக்கும், ஒத்துக்கறேன். எடுக்கவே எடுக்காம இருக்காது.

உப்புக்கணக்கு:
செடி சாப்பிடவில்லை என்றால் பிஎச் ஏன் 5.9-இலிருந்து 7.1-க்கு ஏறியது? நைட்ரேட்டை உறிஞ்சும் வேர் பதிலுக்குக் கார அயனியை வெளிவிடும். பிஎச் ஏறினால் வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்கள் கணக்கு இதை விளக்கவில்லை.

வேர்பார்:
நல்ல கேள்வி. நைட்ரேட்டால பிஎச் அவ்வளவு ஏறியிருந்தா ஈசியும் கண்ணுக்குத் தெரியற மாதிரி இறங்கியிருக்கணும், இறங்கலை. என் சந்தேகம் குழாய்த் தண்ணி மேலதான். அதுல பைகார்பனேட் இருக்கும், அமிலம் பட்டா அது கார்பன் டை ஆக்சைடா மாறித் தண்ணியைப் புளிப்பா வச்சிருக்கும். அமிலம் ஊத்தி 5.9-க்குக் கொண்டுவந்த உடனே நிறுத்திட்டா, கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடை ஏர் ஸ்டோன் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு வெளியேத்திடும். பிஎச் தானா மேல போகும், செடியே தேவையில்லை.

வாதம் எதுக்கு, சோதிச்சுப் பாத்துடலாம். கொடித்தண்டு, புதுசா 2 லிட்டர் கரைசல் அதே ஈசி, அதே பிஎச்ல கலந்து ஒரு பாட்டில்ல ஊத்துங்க. செடி வேண்டாம். ஏர் ஸ்டோன் மட்டும் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு அளந்து சொல்லுங்க. கூடவே வேரையும் பாருங்க. நிறத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, உரச் சாயம் ஏறின நல்ல வேரும் பழுப்பாத்தான் தெரியும். நுனி வேர் ஒண்ணை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு மெதுவா இழுங்க. தோல் உறை மாதிரி கழண்டு நடுவுல நூல் மட்டும் நின்னா அழுகல். கெட்டியா இருந்தா வெறும் சாயம்.

உப்புக்கணக்கு:
சோதனை நியாயமானது. நானும் ஒன்று சேர்க்கிறேன். ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கரைத்து, மாலையில் ஒரே ஒரு மஞ்சள் இலையில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். சில நாளில் தடவிய இடம் மட்டும் பச்சையானால் குறை இரும்புதான், மாங்கனீசு இல்லை என்று உறுதி. பிஎச் ஏறினால் மாங்கனீசுக் குறையும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்.

வேர்பார்:
செய்யட்டும், நல்லதுதான். ஆனா அந்த இலை பச்சையானாலும் நம்ம சண்டை தீராது. இலைக்கு என்ன வேணும்னு தெரியும், ஏன் வரலைன்னு தெரியாது. இன்னொண்ணு, இடிடிஎச்ஏவை இப்பவே வாளியில கொட்டிடாதீங்க. தண்ணி செக்கச்செவேல்னு ஆயிடும், அப்புறம் வேரோட உண்மை நிறத்தைப் பாக்கவே முடியாது.

மிதநீர்:
வெப்பத்தைப் பற்றி ஒரு திருத்தம். சூடான நீரில் ஆக்சிஜன் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும், 29 டிகிரியில் 7.7. இந்த வித்தியாசம் மட்டும் செடியைச் சாய்க்காது. அதே சூட்டில் வேரின் சுவாசம் வேகமெடுக்கிறது, நுண்ணுயிர்களும் பெருகி ஆக்சிஜனைத் தின்கின்றன. வரவு குறையும்போதே செலவு கூடுகிறது, சிக்கல் அங்கேதான். 18 லிட்டருக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் காற்றாவது வேண்டும். அடைத்துப்போன ஏர் ஸ்டோன் அதில் பாதியைக்கூடத் தராது.

கொடித்தண்டு:
சோதனை முடிந்தது. செடியில்லாத பாட்டிலில் 24 மணி நேரத்தில் பிஎச் 5.9-இலிருந்து 6.8. வேரின் மேல்பகுதி கெட்டி, வெள்ளை. கீழே மூன்றில் ஒரு பங்கில் தோல் உருவிக்கொண்டு வருகிறது, வழவழப்பு, லேசான நாற்றம். இலையில் மருந்து தடவியாகிவிட்டது, முடிவு தெரிய நாளாகும்.

உப்புக்கணக்கு:
பாட்டில் முடிவு என் வாதத்தை உடைத்துவிட்டது, பிஎச் ஏற்றம் தண்ணீரால்தான். வேரும் அழுகியிருக்கிறது. ஆனாலும் 7.1-இல் இரும்பு படிந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வழி இது. உரம் சேர்க்கும் முன்பே குழாய்த் தண்ணீரில் அமிலம் சேர்த்து 5.5-க்கு இறக்குங்கள். இரவு முழுக்கக் காற்று ஓடட்டும். காலையில் ஏறியிருந்தால் மறுபடி இறக்குங்கள். ஏறாமல் நின்ற பிறகுதான் உரம். கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகக் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். அடர்கரைசலாகச் சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும்.

வேர்பார்:
வேருக்கு வருவோம். வாளியைக் காலி பண்ணுங்க. வேரை அறை வெப்பத் தண்ணியில அலசி, வழவழப்பான பகுதியை மட்டும் சுத்தமான கத்தரியால வெட்டுங்க, நல்ல வேர்ல கைவைக்க வேண்டாம். வாளியையும் குழாயையும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து 15 நிமிஷம் ஊறவச்சு, நாலஞ்சு தடவை கழுவுங்க. பக்கத்துல பிஎச் அமிலம் இருக்கவே கூடாது, பிளீச்சோட சேந்தா குளோரின் வாயு வரும். ஏர் ஸ்டோனைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுங்க.

புதுக் கரைசல் ஈசி 1.5, பிஎச் 5.8. மிதநீர் சொன்னது இங்க சரி, அரைகுறை வேருக்கு இதுக்கு மேல ஆகாது. மட்டம் நெட் பாட்டுக்கு (செடி நிக்கற ஓட்டைக் கூடை) கீழ 4 சென்டிமீட்டர் நிக்கட்டும், மேல் வேர் காத்தை எடுத்துக்கும். அப்புறம் லிட்டருக்கு 3 மில்லி வீதம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 18 லிட்டருக்கு 54 மில்லி.

மிதநீர்:
பெராக்சைடு வேண்டாம் என்பேன். வேருக்குள் புகுந்துவிட்ட பித்தியத்தை அது தொடாது. ஒன்றிரண்டு நாளில் சிதைந்துபோகும், நோய் திரும்பிவிடும். இரும்புப் பிணைப்பையும் உடைக்கும், இந்தச் செடிக்குக் குறையே அதுதான். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்தால் வேர்மேல் குடியேறிக் காவல் இருக்கும்.

வேர்பார்:
அழுகின சதை மிச்சம் இருக்கற தண்ணியில பேசில்லஸ் மட்டும் போட்டா தாமதமாத்தான் எடுபடும். ஒரே ஒரு தடவை பெராக்சைடு, மூணு நாள் கழிச்சு கரைசல் மாத்தி, அப்ப பேசில்லஸும் இரும்பும் சேருங்க. ரெண்டையும் ஒரே நாள்ல போட்டா பெராக்சைடு பேசில்லஸையும் கொன்னுடும்.

மிதநீர்:
நான் பெராக்சைடைத் தவிர்த்துவிடுவேன், இதில் நமக்குள் ஒத்துப்போகாது. எந்த வழியில் போனாலும் வெப்பத்தை இறக்காவிட்டால் பத்து நாளில் இதே நிலைமைதான். 18 லிட்டரை 29-இலிருந்து 21-க்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஐஸ் வேண்டும். பாட்டிலில் உறையவைத்து, மூடியோடு, இரண்டு தவணையாக இறக்குங்கள். ஒரே மூச்சில் குளிர்ந்தால் வேர் அதிரும். வாளியை வெளியே வெள்ளையாகவும் உள்ளே கருப்பாகவும் இருக்கும்படி சுற்றுங்கள், சூடும் ஏறாது, பாசியும் பிடிக்காது.

உப்புக்கணக்கு:
தினமும் ஒரே நேரத்தில் மட்டம், ஈசி, பிஎச் மூன்றையும் எழுதுங்கள். மட்டம் குறைந்தால் அமிலம் சேர்த்து வைத்த வெறும் தண்ணீர் ஊற்றி 18 லிட்டருக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு ஈசி பாருங்கள். அது 1.5-க்குக் கீழே வந்தால் வேர் சாப்பிடத் தொடங்கிவிட்டது. ஏற்கனவே வெளுத்த இலைகள் முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம், அவற்றைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கூட்டாதீர்கள். புதுக் கொழுந்தை மட்டும் கவனியுங்கள்.